டின் பாக்டரி முதல் கோரமண்டல் வரை

பெருநகரத்துக்குள் நுழைவது எளிது. அதை விட்டு வெளியேறுவதே அரிது. பகலில் இதை நாம் உணர்வதில்லை. ரயில் உண்டு, பஸ் உண்டு, கையில் பணமிருந்தால் காரும் உண்டு. ஆனால் நள்ளிரவு கடந்தபின், சட்டைப்பையில் நூற்றுச் சொச்சம் ரூபாயுடன், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வீட்டை அன்றிரவே அடைந்தாக வேண்டிய ஒருவன் பெங்களூரின் கிழக்கு வாயிலில் நின்று பார்க்கட்டும். நகரம் எத்துணைப் பெரிது, தனிமனிதன் எத்துணைச் சிறியவன் என்பது அவனுக்கு விளங்கிவிடும். அப்படி நின்ற ஓர் இரவைப் பற்றியும், என்னை வீடு சேர்த்த முன்பின் அறியாத மூவரைப் பற்றியும் நம் சங்க அன்பர்களுக்கு எழுத வேண்டுமென்று பல நாளாக எண்ணியிருந்தேன்.

என் ஊர் கோரமண்டல். கோலார் தங்கவயலைச் சேர்ந்த பழைய சுரங்கக் குடியிருப்புகளில் ஒன்று. பங்காருப்பேட்டையில் சென்னை இருப்புப்பாதையை விட்டுப் பிரியும் கிளைப்பாதை, கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்னும் நிலையங்களைத் தொட்டு, 16 கிலோமீட்டரில் மாரிக்குப்பத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. தங்கம் இருந்தவரை இருப்புப்பாதைக்கு வேலை இருந்தது; 1894-ஆம் ஆண்டில் அது போடப்பட்டதே தங்கத்துக்காகத்தான். கடலைக் கண்ணால் காணாத எங்கள் ஊருக்குக் கடற்கரையின் பெயர் வாய்த்தது ஒரு விந்தை. சோழமண்டலம் என்பதே வெள்ளையர் நாவில் கோரமண்டல் எனத் திரிந்தது என்பர் அறிஞர். ஆயினும் பெயர் முற்றிலும் அந்நியமன்று. இராஜராஜன், இராஜேந்திரன் காலத்தில் கோலார்ப் பகுதி ‘நிகரிலிச் சோழ மண்டலம்’ என்றே வழங்கிற்று. கோலாரம்மன் கோயிலில் சோழர் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். சோழன் படையுடன் வந்தான், எங்கள் முன்னோர் கூலிக்கு வந்தனர், வேற்றுமை அவ்வளவே.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கத்தைக் கொடுத்த பூமி அன்றோடு வாய் மூடிக்கொண்டது. அதன்பின் தங்கவயலின் சுரங்கம் பெங்களூர்தான் என்று சொன்னால் மிகையாகாது. விடியுமுன் எழுந்து, சோற்றுத் தூக்கைக் கையில் பிடித்து, ரயிலேறிப் பெங்களூர் சென்று, இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானோரில் நானும் ஒருவன். மற்றவர்கள் ரயிலில் வேலைக்குப் போகிறார்கள்; எனக்கோ ரயிலே வேலை. நகரின் கிழக்குப் பக்கத்து நிலையம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். ரயிலைத் தவிர வேறு வண்டியை நம்பி வாழாதவன் என்ற செருக்கும் எனக்குச் சிறிது உண்டு. அந்தச் செருக்கு 2016-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் இரவில் அடங்கியது.

அவ்வாண்டு ஜூலை 25-ஆம் நாள் முதல் கர்நாடக அரசுப் போக்குவரத்து ஊழியர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். மூன்று நாட்கள் மாநிலம் முழுவதும் அரசு பஸ்கள் ஓடவில்லை. நகர பஸ்களும் அவ்வாறே. இரண்டாம் நாள் இரவு பத்து மணிக்கு என் பணி முடிந்திருக்க வேண்டும். என்னை விடுவிக்க வர வேண்டியவர் நகரின் மறுகோடியிலிருந்து பஸ்ஸில் வருபவர். பஸ் இல்லாமையால் அவர் பாதி தூரம் நடந்தும், பாதி தூரம் யாரோ ஒருவரின் ஸ்கூட்டரில் தொற்றியும் வந்து சேர்ந்தபோது மணி 12.40. வந்தவரின் காலைப் பார்த்தபின் அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. செருப்பறுந்து வெறுங்காலோடு நின்றார். அதற்குள் பங்காருப்பேட்டை வழியாகச் செல்லும் இரவு வண்டிகள் ஒவ்வொன்றாக என் கண்ணெதிரே சென்றுவிட்டன. அடுத்த வண்டிக்குக் காலை வரை காத்திருக்க வேண்டும்.

மற்ற நாளாயிருந்தால் மேசைமீது தலை சாய்த்து விடியும்வரை கிடந்திருப்பேன். அன்று இயலவில்லை. என் தந்தையார் இருபத்தேழு ஆண்டுகள் சுரங்கத்தினுள் பாறை துளைத்தவர். வெண்கல் பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்தூசி நெஞ்சினுள் படிந்து நுரையீரலைக் கல்லாக்கிவிடும். சிலிக்கோசிஸ் என்று வைத்தியர்கள் சொல்லும் அந்நோய்க்கு முற்றிலும் குணம் இல்லை. மூச்சை எளிதாக்கும் மருந்துதான் உண்டு. புகைபோல் மருந்தைச் செலுத்தும் சிறு கருவி ஒன்று வீட்டில் இருந்தது. அதில் ஊற்றும் மருந்துக் குப்பிகளை மாதந்தோறும் பெங்களூரில் வாங்கிச் செல்வது என் வழக்கம். அன்று பகலிலேயே வாங்கிப் பையில் வைத்திருந்தேன். இரவு பதினோரு மணிக்கு அம்மா தொலைபேசியில் அழைத்தார்கள். “கடைசிக் குப்பியும் ஊத்திட்டேன்பா. மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், போனா திரும்பமாட்டேன்னு அடம் பிடிக்கிறாரு. அக்கம்பக்கத்துல ரெண்டு கடையும் சாத்திட்டாங்க. நீ எப்போ வர்றே?” என்றார்கள். “வந்துக்கிட்டே இருக்கேன்மா” என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை மெய்யாக்குவதற்கே பின்னர் சாலைக்கு ஓடினேன்.

வாடகைக் கார் ஒன்றைக் கேட்டேன். மாதக் கடைசியில் ஓர் எழுத்தரிடம் இருக்கக் கூடாத தொகையைக் கேட்டார்கள். வேலைநிறுத்த நாளில் அது வியப்பன்று. ஆகவே தொங்குபாலத்தைக் கடந்து பழைய சென்னைச் சாலைக்கு நடந்தேன். டின் பாக்டரி என்று வழங்கும் அவ்விடத்தை நம்மவர் யாவரும் அறிவர். கிழக்கே ஹொசக்கோட்டை, கோலார், முள்பாகல், சித்தூர், வேலூர் என்று போகும் வண்டிகள் அனைத்தும் அப்பக்கமாகவே நகரை விட்டு நீங்க வேண்டும். கம்பிகள் தாங்கி நிற்கும் அப்பாலம் 2003-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் கீழே என் துறையின் தண்டவாளங்கள் வெறுமையாக மின்னிக்கொண்டிருந்தன. மேலே நான் பிறர் வண்டிக்குக் கை நீட்டப் போய்க்கொண்டிருந்தேன்.

கை நீட்டுவது எளிதன்று. முதல் அரைமணி நேரம் எனக்குக் கையே எழவில்லை. சம்பளம் வாங்குகிறவன், நாலு பேருக்குப் பயணச்சீட்டு எழுதுகிறவன், வழியில் நின்று இடம் கேட்பதா என்று உள்ளம் குன்றியது. பிறகு துணிந்து நீட்டினேன். ஒரு கார் வேகத்தைக் கூட்டிற்று. மற்றொன்று மெதுவாகி, என்னை ஏற இறங்கப் பார்த்து, பின் விரைந்தது. ஒரு லாரிக்காரர் மட்டும் நிறுத்தி, “ஆளை ஏற்றக் கூடாதென்பது முதலாளி உத்தரவு” என்று சொல்லிவிட்டுப் போனார். காரணம் சொல்லி மறுத்தாரே என்று அதுவே ஆறுதலாக இருந்தது.

சாலையோரம் சைக்கிளில் தேநீர்ப் பாத்திரம் வைத்து விற்றுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். திருவண்ணாமலைப் பக்கத்தவர். “தம்பி, இருட்டுல நின்னுக்கிட்டுக் கையை ஆட்டினா எவன் நிறுத்துவான்? திருடன்னு நினைப்பான். விளக்குக்குக் கீழே நில்லுங்க. வளைவு தாண்டி, வண்டி ஒதுங்க இடம் இருக்கிற பக்கமா நில்லுங்க. கழுத்துல இருக்கிற அந்த அட்டையை உள்ளே போடாதீங்க, வெளியே தெரியட்டும். வண்டி நின்னா ஓடாதீங்க, நடந்து போங்க. எங்கே போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க, கதையெல்லாம் சொல்லாதீங்க” என்றார். பல்கலைக்கழகம் எதுவும் கற்பிக்காத பாடம் அது. தேநீருக்குக் காசு வாங்கிக்கொண்டார், பாடத்துக்கு வாங்கவில்லை.

அவர் மேலும் ஒன்று சொல்லித் தந்தார். எல்லா வண்டிக்கும் கை நீட்டுவது வீண். எண்பலகையைப் பார்க்க வேண்டும். கே.ஏ. 07 என்றால் கோலார், கே.ஏ. 08 என்றால் நம் தங்கவயல், ஏ.பி. 03 சித்தூர், டி.என். 23 வேலூர். கோலாரிலிருந்து இரவில் தக்காளி ஏற்றி வரும் லாரிகள் சந்தைகளில் சரக்கை இறக்கிவிட்டு, ஒரு மணிக்குமேல் வெறும் பெட்டிகளோடு ஊர் திரும்பும். வெறும் வண்டிக்காரனுக்கு அவசரம் குறைவு, பேச்சுத்துணையும் வேண்டும். ஜூலை மாதம் கோலாரில் தக்காளி குவியும் காலமாதலால் அத்தகைய வண்டிகளுக்குக் குறைவில்லை.

மணி ஒன்றரை இருக்கும். கே.ஏ. 07 எண் கொண்ட சிறிய லாரி ஒன்று பிளாஸ்டிக் பெட்டிகள் கடகடவென்று ஒலிக்க வந்தது. விளக்கின் கீழ் நின்று கையைத் தாழ்த்தி அசைத்தேன். சற்றுத் தள்ளி நின்றது. ஓடாமல் நடந்தேன். “பங்காருப்பேட்டை பக்கம் போகணும் அண்ணா” என்றேன், எனக்குத் தெரிந்த கன்னடத்தில். ஓட்டுநர் என் கழுத்து அட்டையைப் பார்த்தார். கையிலிருந்த மருந்துப்பையைப் பார்த்தார். “கோலார் வரைக்கும்தான். ஏறுங்கள்” என்றார். கிளீனர் வேலை பார்த்த இளைஞர் ஒரு சொல்லும் சொல்லாமல் இருக்கைக்குப் பின்னாலுள்ள பலகைக்கு நகர்ந்து, தம் இடத்தை எனக்குத் தந்தார். அந்த நகர்வை நான் இன்னும் மறக்கவில்லை.

ஹொசக்கோட்டை தாண்டியதும் நகரத்தின் வெளிச்சம் பின்தங்கியது. ஓட்டுநர் முள்பாகல் பக்கத்தவர்; வீட்டில் தெலுங்கு, சாலையில் கன்னடம், என்னோடு இரண்டும் கலந்த தமிழ். தக்காளிச் செய்திகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். பெட்டி ஒன்றுக்கு 15 கிலோ. விலை ஏறினால் விவசாயி மாடி கட்டுவான், இறங்கினால் பறிக்கும் கூலிக்கும் காணாது, சாலையோரம் கொட்டிவிட்டுப் போவான். வண்டி வாடகை மட்டும் இரண்டு நாளிலும் ஒன்றே என்றார். “உங்கள் ஊர்த் தங்கத்தைவிட எங்கள் ஊர்த் தக்காளி ஏமாற்றுக்காரி” என்று சிரித்தார். நான் அவரிடம் நோயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நரசாப்பூர் அருகில் அவரே கேட்டார்: “பையில் மருந்துதானே? யாருக்கு?” அப்பாவுக்கு என்றேன். அதன்பின் அவர் தக்காளியைப் பற்றிப் பேசவில்லை. வண்டியின் வேகம் சற்றுக் கூடியதை மட்டும் உணர்ந்தேன்.

இருளில் அச்சாலையைப் பார்த்துக்கொண்டு செல்கையில் பள்ளியில் படித்த செய்தி ஒன்று நினைவுக்கு வந்தது. 1871-ஆம் ஆண்டில் மைக்கேல் லவெல் என்னும் ஐரிஷ்காரர், நியூசிலாந்துப் போரிலிருந்து ஓய்வு பெற்றுப் பெங்களூருக்கு வந்தவர், ஏறத்தாழ அறுபது மைல் மாட்டு வண்டியில் கிழக்கே பயணம் செய்து எங்கள் மண்ணைப் பார்த்தார். அதற்கும் முன்னே, 1802-ஆம் ஆண்டில், வாரன் என்னும் இராணுவ அதிகாரி தங்கம் காட்டுவோர்க்குப் பரிசு அறிவிக்க, உரிகம் கிராமத்தார் வண்டி நிறைய மண்ணைக் கொண்டுவந்து அவர் முன்னே அலசித் தங்கத் துகளைக் காட்டினார்களாம். பிறகு 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். அவர்களுக்குப் பின்னால் வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் நம் முன்னோர் வந்தனர். என் கொள்ளுப்பாட்டனார் குடியாத்தத்துக்கு அப்பாலிருந்து நடந்தே வந்தாராம். வழியில் புளி ஏற்றிய வண்டிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு இரண்டு நாள் தம் வண்டியில் இடம் கொடுத்தாராம். எங்கள் குடும்பத்தில் இன்றும் ‘புளி வண்டிக்காரர் புண்ணியம்’ என்றொரு வழக்கு உண்டு. முன்பின் அறியாதவர் கொடுத்த இடத்தில் அமர்ந்துதான் நாங்கள் இம்மண்ணுக்கே வந்தோம் என்பதை அன்றிரவு தக்காளி லாரியில் அமர்ந்து நினைத்துக்கொண்டேன்.

கோலாருக்கு அருகில் பங்காருப்பேட்டைச் சாலை பிரியும் இடத்தில் இறக்கிவிட்டார். ஐம்பது ரூபாயை நீட்டினேன். “மருந்து கொண்டு போகிறவனிடம் வாடகை வாங்கினால் என் வண்டி ஓடாது” என்று சொல்லிக் கையைத் தள்ளிவிட்டார். பெயரைக் கேட்க வாய் திறப்பதற்குள் பெட்டிகளின் கடகடப்பு தூரத்தில் கேட்டது.

இரண்டாவதாகக் கிடைத்தது பால் கேன்கள் ஏற்றிய வேன். அவ்வண்டிக்காரர் மறைக்காமல், “இருபது ரூபாய் கொடுங்கள்” என்றார். மகிழ்ச்சியுடன் கொடுத்தேன். இடம் கொடுப்பவரெல்லாம் இலவசமாகவே கொடுக்க வேண்டும் என்பதில்லை. முன்கூட்டியே நியாயமான தொகையைச் சொல்பவர் நேர்மையாளரே. கேன்களுக்கிடையே குந்தியபடி பங்காருப்பேட்டை வந்து சேர்ந்தேன். மணி மூன்றே கால்.

இனித்தான் சோதனை. பங்காருப்பேட்டையிலிருந்து கோரமண்டலுக்குத் தண்டவாளத்தின் வழியே நடந்தால் வழி தவறாது. எனக்கு ஒவ்வொரு மதகும் தெரியும். கால் அப்பக்கமே இழுத்தது. ஆனால் தண்டவாளத்தில் நடப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். அதைப் பிறருக்கு எடுத்துச் சொல்கிறவன் நானே மீறுவதா? மேலும் இருட்டில் அப்படி நடந்து திரும்பாதவர்களைப் பற்றியும் என் துறையில் கேட்டிருக்கிறேன். சாலைக்கே வந்து நடக்கத் தொடங்கினேன்.

ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்திருப்பேன். பின்னால் டி.வி.எஸ். 50 ஒன்று முனகிக்கொண்டு வந்தது. அதில் ஒரு முதியவர். முன்னும் பின்னும் செய்தித்தாள் கட்டுகள். கை நீட்டவே எனக்கு மனம் வரவில்லை, அவருக்கே இடமில்லை. அவராகவே நிறுத்தினார். “எங்கேப்பா இந்நேரத்துல?” “கோரமண்டல், பெரியவரே.” “பின்னால இருக்கிற கட்டை மடியில வெச்சுக்கிட்டு உட்காரு. கால் தரையில தட்டாமப் பார்த்துக்க.” தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்த மறுநாள் செய்திகளை மடியில் சுமந்துகொண்டு நான் ஊர் போய்ச் சேர்ந்தேன். வேலைநிறுத்தம் மூன்றாம் நாளாகத் தொடர்கிறதா முடிகிறதா என்பது அக்கட்டுக்குள் இருந்திருக்கும். பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

லைன் வீட்டுத் திண்ணையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இறைத்துக்கொண்டிருந்தார். அம்மா கையிலிருந்து மருந்தை வாங்கிக் கருவியில் ஊற்றுகையில் அவர்கள் கை நடுங்கவில்லை. என் கைதான் நடுங்கிற்று. கால் மணி, அரைமணி சென்றது. இழுப்புத் தணிந்தது. கிழக்கே சயனைட் மண்மேட்டுக்குமேல் வெளுக்கும் வேளையில் அப்பா கண் திறந்து, “ரயில் இல்லியே, எதுலடா வந்தே?” என்று கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன். யாரென்று அறியாத மூவர் வண்டியில் நள்ளிரவில் வந்ததற்குக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு விட்டு விட்டுச் சொன்னார்: “இருபத்தேழு வருஷம் கேஜ்ல இறங்கி ஏறினேன். மேலே வைண்டிங் இன்ஜினை ஓட்டுறவன் மூஞ்சியை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவனும் என் மூஞ்சியைப் பார்த்ததில்லை. மணி அடிச்சா இறக்குவான், மணி அடிச்சா ஏத்துவான். ஒவ்வொரு நாளும் என் உசிரு அவன் கையில. அவன் பேரு இன்னான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நீ ஒரு ராத்திரி அப்படி வந்தே, அவ்வளவுதான்.”

அன்பர்களே, சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அந்த ஆழத்துக்குள் நம் முன்னோர் மூன்று தலைமுறை இறங்கி ஏறியது முகமறியாத ஒருவனின் கையை நம்பித்தான். இதை நினைத்தபோது வழியில் இடம் கேட்பதில் இழிவு ஏதுமில்லை என்பது எனக்குத் தெளிவாயிற்று.

அதே ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் காவிரி நீர் வழக்கை முன்னிட்டுப் பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழ்நாட்டு எண்பலகை தாங்கிய பஸ்களும் லாரிகளும் எரிக்கப்பட்டன. தமிழ்நாட்டிலும் கன்னடியர் சிலர் தாக்கப்பட்டனர். அன்றிரவு ரயிலில் யாரும் உரக்கத் தமிழ் பேசவில்லை. சன்னலோரம் அமர்ந்திருந்த எனக்கு அந்த முள்பாகல்காரரின் நினைவே வந்துகொண்டிருந்தது. எண்பலகையைப் பார்த்து எரித்தவரும் உண்டு. மருந்துப்பையைப் பார்த்து ஏற்றியவரும் உண்டு. இரண்டும் ஒரே சாலைதான். எதனை நினைவில் வைத்து நாம் இந்நாட்டில் வாழ்வது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் குழந்தைகளுக்குச் சொல்லியாக வேண்டும். நான் என் பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்கிறேன். லாரிக்காரரைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வழியில் இடம் கேட்பதை முறையான ஏற்பாடாகவே செய்த நாடுகளும் உண்டு. போலந்தில் 1950-களின் பிற்பகுதியில் இதற்கென அரசின் ஆதரவோடு சிறு புத்தகம் விற்றார்கள். பயணி தான் சென்ற தூரத்துக்கேற்ப அதிலிருந்து சீட்டுக் கிழித்து ஓட்டுநருக்குக் கொடுப்பார். சீட்டுகளைச் சேர்த்த ஓட்டுநருக்குப் பரிசும் உண்டு. கியூபாவில் 1991-ஆம் ஆண்டு சோவியத் நாடு சிதறியபின் எரிபொருள் கிடைக்காமற்போகவே, மஞ்சள் உடை அணிந்த அலுவலர்கள் சாலையில் நின்று, இடமுள்ள அரசு வண்டிகளை நிறுத்தி மக்களை ஏற்றிவிட்டனர். நம் நாட்டில் அத்தகைய ஏற்பாடு இல்லை. ஓட்டுநரின் மனமும் தேநீர்க்காரரின் அறிவுரையும்தான் உண்டு.

ஆகையால் சில எச்சரிக்கைகளைச் சொல்வது என் கடமை. சரக்கு லாரியில் ஆள் ஏறுவது சட்டப்படி சரியன்று. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்பவர் விபத்துக்குள்ளானால் காப்பீட்டுக் கம்பெனி இழப்பீடு தரக் கடமைப்பட்டதன்று என்று உச்ச நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. அப்படியானால் சுமை வண்டிக்காரர் தலையில்தான் விழும். அவர் நமக்குக் கொடுப்பது இருக்கை மட்டுமன்று, அந்தத் துணிவையும் சேர்த்துத்தான் என்பதை அன்று நான் அறியேன். வேறு வழி இருக்கும்போது லாரியில் ஏறாதீர்கள். கட்டாயம் நேர்ந்தால் ஓட்டுநரின் அருகில் மட்டும் அமருங்கள். சரக்கின் மேல் ஏறவே வேண்டாம். வண்டி எண்ணை ஏறும்போதே வீட்டுக்குத் தெரிவியுங்கள். குடி வாடை வந்தால் நன்றி கூறி நின்றுவிடுங்கள். நான் ஆண்மகன், தனியே நின்றேன். இதே இரவில் என் தங்கை அங்கு நின்றிருந்தால் இக்கட்டுரையை இவ்வளவு இலேசாக எழுதியிருக்க முடியாது. பெண்கள் இரவில் அச்சமின்றி வீடு திரும்ப ரயிலும் பஸ்ஸும்தான் வேண்டும். பிறர் தயவு போதாது.

தந்தையார் 2019-ஆம் ஆண்டில் காலமானார். அந்த இரவுக்குப் பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் எங்களோடு இருந்தார். அந்த மூன்றாண்டில் என் மூத்த மகளுக்கு நடை பயில்வித்தவர் அவரே. அந்த நடைக்கு உரியவர்களின் பட்டியலை எழுதினால் அதில் தக்காளி லாரியும், பால் வேனும், டி.வி.எஸ். 50-யும், இடம் விட்டு நகர்ந்த கிளீனரும் இருக்க வேண்டும். நன்றி சொல்ல எண்ணி டின் பாக்டரியில் பல இரவுகள் கே.ஏ. 07 எண்களை உற்றுப் பார்த்திருக்கிறேன். காணவில்லை. தேநீர்ப் பெரியவரும் இடம் மாறிவிட்டார். செய்தித்தாள் முதியவரை மட்டும் ஒரு முறை கண்டு நன்றி கூறினேன். “எப்போப்பா? எனக்கு ஞாபகமில்லியே” என்றார். அவருக்கு அது வழக்கமான ஒரு காலைப்பொழுது.

இப்போது ஹொசக்கோட்டையிலிருந்து மாலூர், பங்காருப்பேட்டை, தங்கவயல் பக்கமாகச் சென்னை விரைவுச்சாலை வந்துவிட்டது. கர்நாடகத்தில் அதன் நீளம் சுமார் 71 கிலோமீட்டர். 2024-ஆம் ஆண்டு இறுதியில் அப்பகுதியில் வண்டிகள் ஓடத் தொடங்கின. நான்கு மணி நேரம் நான் கடந்த தூரத்தை ஒன்றரை மணியில் கடக்கிறார்கள். நல்லதே. ஆனால் அச்சாலையில் நடுவழியில் வண்டியை நிறுத்தக் கூடாது. கை நீட்டி நிற்க ஓர் ஓரமும் இல்லை. வேகமுள்ள சாலை வேறு, இரக்கமுள்ள சாலை வேறு. நமக்கு இரண்டும் வேண்டும்.

எனக்கு இப்போது ஒரு ஸ்கூட்டர் உண்டு. இரவு வண்டியில் வந்து பங்காருப்பேட்டையில் இறங்கி அதில் ஊர் திரும்பும்போது, சாலையோர விளக்கின் கீழ் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே வருவேன். பலர் நடந்து வருபவர்கள். கட்டட வேலைக்குப் போய்த் திரும்புபவர்கள். நிறுத்தினால் முதலில் அஞ்சுவார்கள். “கோரமண்டல் வரைக்கும்தான். ஏறுங்க” என்பேன். கழுத்து அட்டையை வெளியே தெரியுமாறு போட்டுக்கொள்ள மறப்பதில்லை. இறங்கும்போது சிலர் பெயர் கேட்பார்கள். அவர்களுக்கு நான் பெயர் சொல்வதில்லை.